மாஸ்டர் பிளான் வரைவுக்கு ஆட்சேபணை எழுதுவது எப்படி? அறிவிப்பு வந்த நாளிலிருந்து விசாரணை வரை

பேப்பரில் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவில், பொடி எழுத்தில் ஒரு கட்டம் வரும். இன்ன திட்டப் பகுதிக்கு முழுமைத் திட்ட (அதாவது மாஸ்டர் பிளான்) வரைவு தயாராகிவிட்டது, ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்று. நாம் ராசிபலனைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆனால் அடுத்த இருபது வருடத்துக்கு உங்கள் பக்கத்து மனையில் வீடு வருமா குடோன் வருமா, தெருக்கோடியில் இருக்கும் ஏரிக்கரை ஏரிக்கரையாகவே இருக்குமா, உங்கள் வீட்டு முன்வாசல் வழியாக ஒரு புதிய சாலை போகுமா என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.

முதல் தடவை நாங்கள் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு வீடாக ஏறி இறங்கி நூற்றுச் சொச்சம் கையெழுத்து வாங்கி, "இத்திட்டத்தை வன்மையாக எதிர்க்கிறோம்" என்று ஒரு பக்க மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மனுவை வாங்கிய அலுவலர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த சர்வே நம்பர் சார்?" எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. மனு எங்கே போனது என்று அதற்கப்புறமும் தெரியவில்லை. அதற்கடுத்த தடவை நான்கே பேர், இரண்டே சர்வே எண்கள், நான்கு பக்கம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்விக்கான தயாரிப்புதான்.

சென்னையை உதாரணமாக வைத்து எழுதுகிறேன். இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, அதன் இலக்கு ஆண்டு 2026. மூன்றாவது 2027 முதல் 2046 வரைக்கும். சட்டம் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். ஆகவே கோவை, மதுரை, திருச்சிக்காரர்களுக்கும் இதே படிகள்தான். ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கேட்பவர்கள் கோவையைப் பார்க்கலாம்: 1994-ல் வந்த பிளானுக்கு அடுத்தது 2025-ல்தான் வந்தது.

சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது

வேறு எதைப் படிக்காவிட்டாலும் பிரிவு 26-ஐப் படியுங்கள், ஒரு பக்கம்தான். அதில் மூன்று விஷயம் இருக்கிறது. ஒன்று, வரைவு தயாரான அறிவிப்பு அரசிதழிலும் முக்கிய நாளிதழ்களிலும் வர வேண்டும், அதைப் பார்வையிடும் இடமும் அதில் இருக்க வேண்டும். இரண்டு, ஆட்சேபணைக்குக் கொடுக்கும் கால அவகாசம் அரசிதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. மூன்றாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்: அவகாசம் முடிந்ததும், தங்கள் தரப்பை நேரில் கேட்க வேண்டும் என்று கோரியவர்களுக்குத் திட்டக் குழுமம், அதாவது பிளானைத் தயாரிக்கும் அமைப்பு, நியாயமான வாய்ப்பு தர வேண்டும். கோரியவர்களுக்கு! கோராதவர்களைக் கூப்பிட வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. உங்கள் மனுவின் கடைசியில் "பிரிவு 26(2)-இன் கீழ் நேரில் விளக்க வாய்ப்பு அளிக்கும்படிக் கோருகிறேன்" என்ற ஒரு வரி இல்லாவிட்டால் உங்கள் வேலை தபாலோடு முடிந்தது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். வரைவுக்கு முன்னால், மண்டபத்தில் மைக் வைத்து, டீ பிஸ்கெட் கொடுத்துக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். போங்கள், பேசுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே பேசியது ஆட்சேபணை ஆகாது. சட்டம் "எழுத்துமூலம்" என்கிறது. கூட்டத்தில் கைதட்டு வாங்கிவிட்டு எழுதிக் கொடுக்காமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை: யாருக்கு எழுத வேண்டும், எந்தத் தேதிக்குள்

சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் தாளமுத்து நடராசன் மாளிகை. (1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர் விட்ட இருவரின் பெயர் அது, அந்தக் கட்டடத்துக்குள் ஆங்கிலத்திலேயே ஒரு வரைவைப் புரட்டும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் இருக்காது.) மற்ற ஊர்களில் உள்ளூர்த் திட்டக் குழுமம் அல்லது புதுநகர் வளர்ச்சிக் குழுமம், அவற்றுக்கு மேலே நகர் ஊரமைப்பு இயக்ககம். மாநகராட்சிக்கோ கலெக்டருக்கோ எழுதினால் நகல் என்று வைத்துக்கொள்ளலாம். அசல் திட்டக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும், உறுப்பினர் செயலர் பெயருக்கு.

தேதியைப் பேப்பரிலிருந்து எடுக்காதீர்கள். அரசிதழைப் பாருங்கள், அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை அதை இணையத்தில் போடுகிறது. திட்டக் குழுமங்களின் அறிவிப்புகள் பெரும்பாலும் பகுதி 6, பிரிவு 1-இல் இருக்கும். கடைசி நாளைச் சுவர் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு வட்டம் போடுங்கள். இரண்டாவது வட்டம்தான் உங்கள் கடைசி நாள்.

வரைவைக் கையில் வாங்குவது

வரைவு என்பது ஒரே புத்தகம் என்று நினைத்துவிடக் கூடாது. நிலப் பயன்பாட்டு வரைபடம் தனி, விதிமுறைகள் தனி, விளக்க அறிக்கை தனி. பளபளப்பான படங்களோடு விளக்க அறிக்கை மட்டும் சுற்றுக்கு வரும், எல்லோரும் அதைப் படித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். சண்டை போட வேண்டியது மற்ற இரண்டில்தான்.

இணையத்தில் போட்ட வரைபடத்தைப் பெரிதாக்கினால் சர்வே எண் கலங்கித் தெரியும். அப்படி இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள், பார்வையிட வைக்க வேண்டியது அவர்கள் கடமை. உங்கள் கிராமத்துக்கான வரைபடத்தைக் கேளுங்கள், "வேளச்சேரி" என்று பகுதிப் பெயர் சொல்லாமல் வருவாய்க் கிராமத்தின் பெயரைச் சொல்லுங்கள். நகரத்துக்குள்ளே வளர்ந்தவர்களுக்குத் தாங்கள் எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாது, பத்திரத்தில் எழுதியிருக்கும்.

எதாவது ஆவணம் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், பத்து ரூபாய்தான் கட்டணம். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது, கிடைத்த பதில் திருப்தி இல்லையென்று மேல்முறையீடு போனால் இன்னொரு மாதத்துக்கு மேல். 60 நாள் ஆட்டத்தில் இதை முதல் வாரத்திலேயே போட்டால்தான் பயன். மூன்றாவது வாரத்தில் போடும் ஆர்டிஐ அடுத்த மாஸ்டர் பிளானுக்குத்தான் உதவும்.

சர்வே எண்ணைப் பிடிப்பது

பட்டா, சிட்டா, புல வரைபடம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் காட்டும் நில அளவைப் படம்) மூன்றும் இணையத்திலேயே கிடைக்கிறது. நகர்ப்பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடு, அதில் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று வரும். பழைய சர்வே எண்ணும் புதிய எண்ணும் வேறு வேறாக இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டோடு நிற்காதீர்கள். தெருவின் இரண்டு பக்கமும், பின்னாலிருக்கும் காலி நிலமும், ஓடையும், குளமும், கோயில் நிலமும், மைதானமும் எந்த எண் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பக்கத்தில் மூன்று கட்டம்: அ-பதிவேட்டில் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) அது என்ன, இப்போது நடப்பிலிருக்கும் பிளானில் என்ன வகை, வரைவில் என்ன வகை. மூன்றாவது கட்டம் இரண்டாவதிலிருந்து மாறுகிற இடங்களைச் சிவப்பு மையில் சுழித்தால், உங்கள் ஆட்சேபணையில் பாதி அப்போதே எழுதி முடிந்துவிட்டது.

முதல் கட்டம் ஏன் என்று கேட்கலாம். அ-பதிவேட்டில் "ஏரி புறம்போக்கு", "ஓடை", "மேய்க்கால்" என்று இருக்கும் நிலத்துக்கு வரைபடத்தில் குடியிருப்பு நிறம் பூசப்பட்டிருந்தால், அது கருத்து வேறுபாடு ஆகாது, பிழை. பிழையைத் திருத்தச் சொல்வது கருத்தை மாற்றச் சொல்வதைவிட எவ்வளவோ சுலபம்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நிறத்தை முதலில். முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, விவசாயம் என்று வகைகள் இருக்கும். நம் ஆட்கள் தொழில் வகையைக் கண்டால் மட்டும் பதறுவார்கள், முதன்மைக் குடியிருப்பு கலப்புக் குடியிருப்பாக மாறியதைக் கவனிக்கவே மாட்டார்கள். இரண்டிலும் "குடியிருப்பு" என்ற சொல் இருக்கிறதே என்று. கலப்பு என்றால் கடை, அலுவலகம், உணவகம் எல்லாவற்றுக்கும் கதவு இன்னும் அகலமாகத் திறக்கிறது. அது உங்களுக்கு நல்லதாகவும் இருக்கலாம், கீழே கடை வைத்து மேலே குடியிருப்பவர்கள் நிறைய இருக்கும் தெருவில் கலப்பு வகைதான் நியாயம். முடிவு செய்ய வேண்டியது நீங்கள்; மாறியது தெரியாமல் இருப்பதுதான் கூடாது.

அப்புறம் சிறப்புப் பகுதிகள். சென்னையில் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் பகுதி, செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் என்று நடப்புத் திட்டத்தில் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளவை இவை. இவற்றின் எல்லைக்கோடு நூறு மீட்டர் நகர்ந்தாலும் தெருக்கணக்கில் ஆட்டம் மாறும். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் தலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, சுமார் 1,248 ஹெக்டேர். அதையொட்டி வசிப்பவர்கள் வரைவில் உள்ள எல்லையை ராம்சார் வரைபடத்தோடு வைத்து ஒப்பிடாமல் தூங்கப் போகக் கூடாது.

சாலை அகலத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் பிடித்த இடம், ஏனென்றால் இதை ஒரு டேப்பை வைத்தே சோதித்துவிடலாம். எஃப்எஸ்ஐ என்பார்களே, தளப்பரப்புக் குறியீடு, மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. குறியீடு 2 என்றால் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், 4,800 சதுர அடி வரை கட்டலாம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, பணம் கட்டி வாங்கும் கூடுதல் எஃப்எஸ்ஐ சாலை அகலத்தைப் பொறுத்தது: 9 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குள் 30 சதவீதம், 12-லிருந்து 18-க்குள் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் 50. பாருங்கள், எல்லாம் சாலையில் போய்த்தான் நிற்கிறது. உங்கள் தெரு தாளில் "30 அடி ரோடு", அதாவது சுமார் 9 மீட்டர், என்று இருக்கும். நிஜத்தில் மழைநீர் வடிகால், டிரான்ஸ்ஃபார்மர், வாசல்படி எல்லாம் போக 22 அடிதான் ஓடும். எங்கள் பக்கத்துத் தெருவை நாங்கள் ஐந்து இடத்தில் அளந்தோம், ஐந்தும் ஐந்து கணக்கு. ஐந்தையும் தேதியோடு எழுதிப் படமும் எடுத்து வைத்தோம்.

இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, சாலையை அகலப்படுத்தும் கோடுகளும் புதிதாகப் போடப்போகும் இணைப்புச் சாலைகளும். ஒரு கோடு உங்கள் பட்டா நிலத்தின் மேல் போனால், கட்டட அனுமதி கேட்கும்போதுதான் அது விஸ்வரூபம் எடுக்கும். இதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. பிரிவு 38-இன்படி, இப்படி ஒதுக்கப்பட்ட நிலத்தைக் கையகப்படுத்துவதற்கான அறிவிப்போ உடன்பாட்டுக் கொள்முதலோ, திட்ட அறிவிப்பு அரசிதழில் வந்த மூன்று ஆண்டுக்குள் நடக்காவிட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கொள்ளப்படும். அதனால் பழைய பிளானில் ஒதுக்கி, தொடாமலேயே விட்ட நிலத்தை இந்த வரைவிலும் மறுபடி ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அதுவே தனி ஆட்சேபணைக்குப் போதும்.

திறந்தவெளி ஒதுக்கீடு, பார்க்கிங், பக்கத் திறவிடங்கள் (கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடம்) ஆகியவை விதிமுறைப் புத்தகத்தில் இருக்கும். பழைய விதியையும் புதிய விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி படிக்க வேண்டும், வேறு வழியில்லை. வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் ஒப்படையுங்கள்.

சான்று சேர்ப்பது

"மழை பெய்தால் தண்ணீர் நிற்கும்" என்று எழுதினால் ஊர் முழுக்க நிற்கிறது என்பார்கள். 2015 டிசம்பரில் உங்கள் சுவரில் தண்ணீர் ஏறிய தடம் எத்தனை அடி, எந்த வீட்டில், அப்போது எடுத்த படம் இருக்கிறதா, அந்தத் தண்ணீர் எந்த சர்வே எண் வழியாக எங்கே வடிந்தது, இவற்றை எழுதுங்கள். நாற்பது வருடமாக அங்கே இருக்கும் பெரியவரிடம் போய் உட்காருங்கள்; ஓடை எங்கே ஓடியது, மதகு எங்கே இருந்தது என்று அவர் காட்டுவார். அவர் காட்டிய இடத்தைப் புல வரைபடத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரு கோடு இருக்கும்.

ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆயுதம் உண்டு, கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறில் ஒன்று உங்கள் 60 நாளுக்குள் விழ நல்ல வாய்ப்பு இருக்கிறது. சர்வே எண்ணோடு தீர்மானம் போட்டு நகலை இணையுங்கள். நகரத்தில், கிராம சபை போலவே மக்கள் கூடும் பகுதி சபையைக் கேட்டுப் பார்க்கலாம்.

எழுதுவது

தமிழிலேயே எழுதுங்கள். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது, வரைவு ஆங்கிலத்தில் இருந்தாலும் ஆட்சேபணை ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒரு கோரிக்கைக்கு ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஏரி, சாலை, எஃப்எஸ்ஐ மூன்றையும் ஒரே மனுவில் போட்டால், ஏதோ ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதி மூன்றையும் முடித்துவிடுவார்கள்.

உள்ளடக்கம் நான்கு துண்டு: இடம், வரைவு சொல்வது, அது ஏன் தவறு, அதற்குப் பதிலாக என்ன. கடைசித் துண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "வேண்டாம்" என்பதை வைத்துக்கொண்டு ஓர் அலுவலரால் வரைபடத்தில் எந்தத் திருத்தமும் செய்ய முடியாது, எந்த நிறத்தை எந்த நிறமாக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாதிரிக்கு ஒன்று, இடத்தையும் எண்ணையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

"இன்ன கிராமம், சர்வே எண் 112/3, வரைவு நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் கலப்புக் குடியிருப்பாகக் காட்டப்பட்டுள்ளது. கிராம அ-பதிவேட்டில் இந்நிலம் ஓடை புறம்போக்கு (நகல் இணைப்பு 1). புல வரைபடத்திலும் ஓடையாகவே உள்ளது (இணைப்பு 2). 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வடக்கே உள்ள மூன்று தெருக்களின் நீர் இதன் வழியாகவே வடிந்தது (படங்கள், இணைப்பு 3). எனவே இச்சர்வே எண்ணை நீர்நிலையாகத் திருத்தி, இருபுறமும் கட்டுமானம் தவிர்க்கும் பகுதியை வரைபடத்தில் குறிக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன். இது குறித்துப் பிரிவு 26(2)-இன் கீழ் நேரில் விளக்க வாய்ப்பு கோருகிறேன்."

அவ்வளவுதான். "மாண்புமிகு", "தாழ்மையுடன்", "கண்ணீருடன்" எதுவும் தேவையில்லை. வரைவில் உங்களுக்குப் பிடித்தது ஏதாவது இருந்தால் அதற்கும் ஒரு கடிதம் போடுங்கள், இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு மைதானத்தைத் திறந்தவெளியாக வைத்திருக்கிறார்கள் என்றால், அதை மாற்றச் சொல்லி நிலத்தரகர் ஒருவர் கண்டிப்பாக எழுதுவார். மாற்றாதீர்கள் என்று எழுத ஆள் இல்லாவிட்டால் கோப்பில் அவர் கடிதம் மட்டும்தான் இருக்கும்.

கையெழுத்து வேட்டை பற்றி: தவறில்லை, ஆனால் ஒரே மனுவின் அடியில் 200 கையெழுத்து என்பதைவிட, தங்கள் தங்கள் வீட்டு எண்ணோடும் தாங்கள் பார்த்ததோடும் 20 பேர் எழுதும் 20 கடிதங்கள் கனமானவை. நகல் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாதிரி வந்த கடிதங்களை ஒரே கடிதமாக எண்ணித் தள்ளிவிடுவது சுலபம்.

கொடுப்பது

நேரில் போய் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குவதுதான் முதல்தரம். முடியாதவர்கள் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலோ இணையப் படிவமோ கொடுத்திருந்தால் அதிலும் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், படிவத்தில் இணைப்புகள் ஏறாமல் நின்றுபோகும், எழுத்து எண்ணிக்கையும் பத்தாது. சீல் போட்ட நகலை அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

விசாரணை

அழைப்பு வந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து பத்து நிமிடம். மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம், பேசுபவர் ஒருவர்தான். வரைபடத்தின் உங்கள் பகுதியை மட்டும் ஏ3 தாளில் கலரில் அச்செடுத்து மேஜையில் விரித்துவிட்டு விரலை வைத்துப் பேசுங்கள். எதிரே இருப்பவர் நகரமைப்பாளர், அவருக்கு வரைபடம்தான் மொழி. அரசியலையும் பழைய அலுவலர்கள் செய்த தவறுகளையும் வெளியே வைத்துவிட்டுப் போங்கள். "பார்க்கலாம் சார்" என்று சொன்னால், சரி என்று எழுந்து வந்து, பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி அன்று மாலையே "இன்று விசாரணையில் கீழ்க்கண்டவற்றைத் தெரிவித்தேன்" என்று அனுப்பிவிடுங்கள். அந்தக் கடிதமும் கோப்பில் சேரும்.

அதற்கப்புறம்

திருத்தங்களோடோ இல்லாமலோ குழுமம் வரைவை அரசுக்கு அனுப்பும், அரசு ஒப்புதல் தந்து அரசிதழில் வந்ததும் நடைமுறைக்கு வரும். இடையில் உங்கள் ஆட்சேபணை என்ன ஆயிற்று என்று ஆர்டிஐ போடுங்கள். "என் மனு மீது எடுக்கப்பட்ட முடிவு, அதற்கான கோப்புக் குறிப்பின் நகல்" என்று குறிப்பாகக் கேளுங்கள். கேட்டும் ஏற்கவில்லை, பதிவேட்டில் உள்ள நீர்நிலையையே மறைத்துவிட்டார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போகலாம், அங்கே வக்கீல் முதலில் கேட்கப்போவது அந்தச் சீல் போட்ட நகலைத்தான்.

பிளான் வந்துவிட்டது, இனி இருபது வருடம் நிம்மதி என்றும் இருக்க முடியாது. பிரிவு 32-இன் கீழ் தனித்தனி சர்வே எண்களுக்கு நிலப் பயன்பாட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதற்கான அறிவிப்புகளும் அதே பொடி எழுத்தில்தான் வரும். நீங்கள் போட்ட சர்வே எண் பட்டியலை ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், இன்னொரு நகல் பேப்பர் படிக்கும் இடத்தில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே இருக்கிறது.